இளைத்தது எது?

ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருவர் முழங்கால் வலி என்று டாக்டரிடம் போகிறார். எடையைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் சோற்றைக் குறைக்கிறார், எண்ணெய்ப் பலகாரத்தை ஒதுக்குகிறார், இரவில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறார். அதோடு பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார். பால் குடித்தால் உடம்பு போடும் என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ஆறு மாதத்தில் எடை குறைகிறது, ரவிக்கை தளர்கிறது, பார்ப்பவர்கள் "நல்லா இளைச்சிட்டீங்களே" என்கிறார்கள். அடுத்த ஆண்டு எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்த இன்னொரு டாக்டர், எலும்பு தேய்ந்திருக்கிறது, கால்சியம் போதவில்லை என்று மாத்திரை எழுதித் தருகிறார். பக்கத்து வீட்டம்மாவோ, "கால்சியம் சாப்பிட்டா கொழுப்பு கரையுமாமே" என்று எங்கோ படித்ததைச் சொல்கிறார்.

இப்போது அந்தப் பெண் யாரை நம்புவது? பால் உடம்பு போட வைக்குமா, இளைக்க வைக்குமா? எடை குறைவது நல்லதென்றால் எலும்பு ஏன் தேய வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளும் ஆராய்ச்சிக்கூடங்களில் கால் நூற்றாண்டாக அலசப்பட்டவை. விடைகள் ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கின்றன. அவற்றுக்குப் போகுமுன், எடை மிஷின் காட்டும் எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

எடைக்குள் என்ன இருக்கிறது

உடல் எடை என்பது மூன்றின் கூட்டுத்தொகை: கொழுப்பு, கொழுப்பில்லாத மென்சதை, எலும்பிலுள்ள கனிமம். மென்சதை என்று இங்கே சொல்வதில் தசை, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், உடம்பின் நீர் எல்லாம் அடங்கும். இந்த மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை இந்த நூலில் 'உடற்கூட்டு' என்று குறிப்பிடுகிறேன்.

ஒரே உயரமும் ஒரே எடையும் உள்ள இரண்டு பெண்களின் உடற்கூட்டு முற்றிலும் வேறாக இருக்கலாம். வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்குத் தசை கூடுதலாகவும், நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குக் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும். எடை மிஷினுக்கு இருவரும் ஒன்றுதான்.

உடற்கூட்டைப் பிரித்து அளக்க மருத்துவமனைகளில் 'டெக்ஸா' ஸ்கேன் இருக்கிறது. வெவ்வேறு ஆற்றல் கொண்ட இரண்டு எக்ஸ்-கதிர்களை அது உடம்பு வழியே செலுத்துகிறது. எலும்பு, கொழுப்பு, மென்சதை ஒவ்வொன்றும் அந்த இரண்டு கதிர்களையும் ஒவ்வொரு விகிதத்தில் தடுக்கும். எது எவ்வளவு தடுத்தது என்று பார்த்துக் கணினி மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டுவிடும். கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு. சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும். இந்த அத்தியாயத்தில் பின்னால் வரும் எண்கள் பலவும் இப்படிப்பட்ட ஸ்கேன்களிலிருந்து வந்தவை.

மாதவிடாய் நின்றபின்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் உள்ளது. மிச்சமிருக்கும் ஒரு சதவீதத்தை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, நரம்பு செய்தி அனுப்புகிறது, தசை சுருங்கி விரிகிறது, காயம்பட்ட இடத்தில் ரத்தம் உறைகிறது. ஆகவே ரத்தத்தில் கால்சியத்தின் அளவு மாறுவதை உடம்பு பொறுத்துக்கொள்வதில்லை. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 9 முதல் 10 மில்லிகிராம் வரை எப்போதும் இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் வரவில்லை என்றால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். விளைச்சல் இல்லாத காலத்தில் குடும்பம் பத்தாயத்து நெல்லை அள்ளுவது போலத்தான் இது. மறுபடி கொண்டுவந்து கொட்டாவிட்டால் பத்தாயம் தரை தட்டும்.

அள்ளுவதும் கொட்டுவதும் வாழ்நாள் முழுக்க நடக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் மறுபக்கம். வளர்ந்தவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இளமையில் இரண்டு வேலையும் ஈடுகொடுத்துப் போகும். பெண்களிடம் கரைப்புச் செல்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் வற்றிப்போகிறது, அடங்கியிருந்த கரைப்பு வேலை வேகமெடுக்கிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சில பெண்கள் தங்கள் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இழந்துவிடுகிறார்கள்.

இந்தத் தொடர்பை முதலில் தெளிவாகச் சொன்னவர் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட். முதுகெலும்பு நொறுங்கி அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். 1941-ல் அவரும் அவருடைய குழுவினரும் இதை ஒரு தனி நோயாகவே விவரித்தார்கள். முதுகு கூனுவதும் உயரம் குறைவதும் வயதானால் வருவதுதானே என்று உலகம் விட்டுவிட்டிருந்ததை, காரணம் கண்டு தடுக்கக்கூடிய ஒன்றாக மாற்றிய வேலை அது.

மாதவிடாய் நிற்கும் அதே காலத்தில் உடற்கூட்டும் மாறுகிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தசை மெல்ல மெல்லக் குறைகிறது. எடை கூடாமலேயே புடவைக் கொசுவம் செருக இடமில்லாமல் போவது இதனால்தான். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்வது, உடம்பு இப்படி மாறிக்கொண்டிருக்கும் வேளையில்.

கால்சியம் கொழுப்பைக் கரைக்கும் என்ற நம்பிக்கை

பக்கத்து வீட்டம்மா சொன்னது வெறும் வதந்தி அல்ல. அதற்குப் பின்னால் நேர்மையான ஆராய்ச்சி ஒன்று இருந்தது.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் செமல் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சோதனையில் பருமனான ஆண்களுக்குத் தினமும் தயிர் கொடுத்து, உணவிலுள்ள கால்சியத்தை 400 மில்லிகிராமிலிருந்து 1000 மில்லிகிராமுக்கு உயர்த்தினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களின் உடல் கொழுப்பு 4.9 கிலோ குறைந்திருந்தது. அளக்க நினைத்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எலிகளிலும் கொழுப்புச் செல்களிலும் சோதித்து அவர் ஒரு விளக்கமும் தந்தார். உணவில் கால்சியம் குறைந்தால் வைட்டமின் டி-யின் வீரியமான வடிவம் ரத்தத்தில் கூடும். அது கொழுப்புச் செல்லைச் சேமிப்பு வேலைக்குத் தூண்டும். கால்சியம் நிறையக் கிடைத்தால் அந்தத் தூண்டல் தணியும். இந்த ஆய்வு 2000-ல் வெளியானது.

அதே ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரிலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. கிரைட்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹீனி, எலும்பு ஆராய்ச்சியில் பழுத்த கை. கன்னியாஸ்திரிகள் பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, அவர்கள் சாப்பிட்ட கால்சியத்தையும் உடம்பிலிருந்து வெளியேறிய கால்சியத்தையும் அளந்தவர் அவர். அவரும் சகாக்களும் எலும்புக்காக முன்பே செய்து வைத்திருந்த ஐந்து ஆய்வுகளை மறுபடி எடுத்து, அதிலிருந்த 780 பெண்களின் எடையைப் பார்த்தார்கள். கால்சியம் அதிகம் சாப்பிட்டவர்களின் எடை குறைவாக இருந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து ஒரே திசையைக் காட்டும் சான்று கிடைத்தால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். ஆனால் ஹீனியின் தரவில் பெரும்பகுதி, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுதியது மட்டுமே. பால், கீரை, மீன் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பொதுவாகவே தன் உடம்பைக் கவனித்துக்கொள்கிறவராக இருக்கலாம். எடை குறைந்தது கால்சியத்தாலா, அந்தக் கவனத்தாலா என்று அப்படிப்பட்ட தரவு சொல்லாது. பிரித்தறிய வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கால்சியம், மீதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குள் பால் வணிகம் முந்திக்கொண்டது. பால் குடியுங்கள், எடை குறையுங்கள் என்று அமெரிக்கா முழுக்க விளம்பரம் ஓடியது. அந்த நம்பிக்கையின் எதிரொலிதான் கடல் தாண்டி நம் தெருவரை வந்து சேர்ந்திருக்கிறது. சான்று போதவில்லை என்ற முறையீடு எழுந்தபின், 2007-ல் அந்த விளம்பரங்கள் நிறுத்தப்படும் என்று அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் அறிவித்தது.

குலுக்கல் சோதனைகள் சொன்னது

அந்த ஆணையம் சொல்வதற்கு முன்பே சோதனைகள் வரத் தொடங்கிவிட்டன. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சூ ஷாப்சஸ், எடை குறைப்பில் இருந்த 100 பெண்களிடம் தினம் 1000 மில்லிகிராம் கால்சியத்தைச் சோதித்தார். மாதவிடாய் நின்றவர்களும் நிற்காதவர்களும் அதில் இருந்தார்கள். 25 வாரங்களுக்குப் பின் கால்சியம் பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இழந்த எடையிலோ கொழுப்பிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இது 2004-ல் வெளியான முடிவு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 340 பேருக்கு இரண்டு ஆண்டுகள் தினம் 1500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2009-ல் சொன்னதும் இதையேதான்.

எல்லாவற்றிலும் பெரியது 'பெண்கள் நலத் திட்டம்' என்ற மாபெரும் அமெரிக்க ஆய்வு. மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள், சராசரியாக ஏழு ஆண்டுகள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு வைட்டமின் டி-யும். எடையில் வந்த வேறுபாடு 0.13 கிலோ, அதாவது 130 கிராம். அத்தனை பேர் இருந்ததால் அந்தச் சிறு வேறுபாடும் தற்செயல் அல்ல என்று நிறுவ முடிந்தது. ஆனால் ஒரு பெண்ணின் உடம்பில் 130 கிராம் எதையும் மாற்றாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் அதைவிடக் கூடும்.

செமல் சொன்னதில் சிறிதும் உண்மை இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. குடலில் கால்சியம் கொழுப்பின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, கரையாத ஒருவகைச் சவர்க்காரமாக மாறி மலத்தோடு வெளியேறுகிறது. பால், தயிர் வழியாகக் கால்சியத்தை ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கூட்டினால் நாளுக்குச் சுமார் 5 கிராம் கொழுப்பு இப்படிக் கழியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 45 கலோரி. ஒரு இட்லியின் அளவுக்குக்கூட வராது.

ஆக, பாலை நிறுத்துவதால் இளைக்கப் போவதில்லை, பாலைக் கூட்டுவதாலும் இளைக்கப் போவதில்லை. எடைக் குறைப்பில் கால்சியத்துக்கு இருக்கும் உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கொழுப்பைப் பற்றிய பரபரப்பில் அது கவனிக்கப்படாமல் போனதுதான் வருத்தம்.

75 கிலோ: ஒரு கணக்கு

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 56, உயரம் 152 சென்டிமீட்டர், எடை 75 கிலோ. டெக்ஸா எடுத்தால் கொழுப்பு 33 கிலோ, மென்சதை 40 கிலோ, எலும்புக் கனிமம் 2 கிலோ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் ஆறு மாதத்தில் பத்து சதவீதம், அதாவது ஏழரைக் கிலோ குறைக்கிறார்.

அந்த ஏழரைக் கிலோவும் கொழுப்பாகவே போகாது. வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தினர் எடை குறைத்த, மாதவிடாய் நின்ற பெண்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கிலோ கொழுப்பு போகும்போதும் கூடவே 260 கிராம் மென்சதையும் போயிருந்தது. இந்த விகிதத்தை நம் பெண்ணுக்குப் பொருத்தினால் போனது ஏறத்தாழ 6 கிலோ கொழுப்பும் ஒன்றரைக் கிலோ மென்சதையும். இது பெரிய குற்றமில்லை. எடை குறையும்போது உடம்பைத் தூக்கிச் சுமக்கும் தசையும் கொஞ்சம் குறைவது இயல்பு.

சிக்கல் எடை திரும்பி வரும்போது தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஓரளவு திரும்பி வரும். அதே ஆய்வில் அடுத்த ஓராண்டில் திரும்பி வந்த ஒவ்வொரு கிலோ கொழுப்போடும் கூட வந்த மென்சதை 120 கிராம்தான். நம் பெண்ணுக்கு முழு ஏழரைக் கிலோவும் திரும்பி வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டால், அதில் கொழுப்பு சுமார் 6.7 கிலோ, மென்சதை 800 கிராம். மிஷின் பழைய 75-ஐயே காட்டும். உள்ளே முக்கால் கிலோ மென்சதை போய், அந்த இடத்தில் முக்கால் கிலோ கொழுப்பு உட்கார்ந்திருக்கும். இளைப்பதும் பெருப்பதுமாக நான்கைந்து முறை அலைந்த உடம்பு ஏன் முன்னைவிடச் சீக்கிரம் களைக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

முப்பது கிராம்

இப்போது எலும்புக்கு வருவோம். உடம்பு பத்து சதவீதம் எடை இழந்தால் இடுப்பெலும்பின் அடர்த்தி பொதுவாக ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைகிறது. கணக்குக்காக ஒன்றரைச் சதவீதம் என்றும், எலும்புக்கூடு முழுக்க அதே அளவில் குறைகிறது என்றும் எடுத்துக்கொள்வோம். 2 கிலோவில் ஒன்றரைச் சதவீதம் 30 கிராம். ஏழரைக் கிலோவைக் காட்டிய எடை மிஷினில் இந்த 30 கிராம் தெரியவே தெரியாது.

எலும்புக் கனிமத்தில் கால்சியத்தின் பங்கு ஐந்தில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக 30 கிராம் கனிமத்தில் 11 கிராமை ஒட்டிய கால்சியம் இருக்கும். அது 180 நாட்களில் கசிந்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 60 மில்லிகிராம்.

இந்த 60 மில்லிகிராமைச் சாப்பாட்டின் மொழியில் பார்த்தால்தான் விஷயம் புரியும். 100 மில்லிலிட்டர் பாலில் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் என்றால் 240. குடல் அதை முழுக்க உறிஞ்சாது. கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். அதாவது 60 முதல் 70 மில்லிகிராம். தினம் கசிந்ததும் அதுதான். டயட் என்று நம் பெண் நிறுத்திய ஒரே ஒரு டம்ளர் பால், எலும்பிலிருந்து நாள்தோறும் போன கால்சியத்துக்கு ஏறக்குறைய சமம்.

அந்தப் பாலை நிறுத்தாமல் இருந்திருந்தால் எலும்பு துளியும் தேய்ந்திருக்காது என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. தேய்மானத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, உடம்பும் சிறுநீரில் விடும் கால்சியத்தைக் குறைத்துக் கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் கசிவின் பருமன் என்ன என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. பெண்கள் சாதாரணமாக ஒதுக்கிவிடும் ஒரு டம்ளரின் அளவு அது.

குறைவாகச் சாப்பிடுவது எலும்பை எப்படித் தொடுகிறது

முதல் காரணம் வெளிப்படையானது. உணவு குறையும்போது அதிலிருக்கும் கால்சியமும் குறைகிறது. இரண்டாவது காரணத்தைக் கண்டறிந்தது சூ ஷாப்சஸின் குழு: குறைந்த கலோரியில் இருக்கும்போது குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறனும் இறங்கிவிடுகிறது. வருவதும் குறைவு, வந்ததில் உள்ளே போவதும் குறைவு. ரத்தத்தில் கால்சியம் இறங்கத் தொடங்கியதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் ஹார்மோனைக் கூட்டுகின்றன. எலும்பிலிருந்து எடு என்ற கட்டளை அதுதான்.

இன்னொன்று, மாதவிடாய் நின்ற பெண்களுக்கே உரியது. சினைப்பை ஓய்ந்தபின் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் உருவாகிறது. கொழுப்பு குறையக் குறைய அந்தச் சிறு வரவும் குறைகிறது. இதோடு எலும்பின் மேலிருக்கும் பாரமும் குறைந்துபோகிறது. பாரம் தாங்கும் எலும்புதான் தன்னைத் தடித்து வைத்துக்கொள்ளும். குண்டாக இருப்பவர்களின் எலும்பு பொதுவாக அடர்த்தியாக இருப்பதும் இதனால்தான்.

இந்த நான்கில் கால்சியத்தால் சரிசெய்ய முடிந்தவை முதல் இரண்டும்தான். சோதனை முடிவுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. ரட்கர்ஸில் 2005-ல் வெளியான ஆய்வில், எடை அதிகமுள்ள, மாதவிடாய் நின்ற பெண்கள் ஆறு மாதத்தில் ஒன்பது சதவீதத்தை ஒட்டி எடை குறைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு மொத்தம் 1 கிராம் கால்சியம், இன்னொரு பிரிவினருக்கு 1.7 கிராம். 1 கிராம் கிடைத்தவர்களிடம் சில இடங்களில் எலும்பு தேய்ந்தது. 1.7 கிராம் அந்தத் தேய்மானத்தைத் தணித்தது. சாதாரண நாட்களில் ஏறக்குறைய போதுமென்று கருதப்படும் அளவு, எடை குறைக்கும் மாதங்களில் போதவில்லை. இந்தத் தலைப்பில் நான் மிக முக்கியமாகக் கருதும் முடிவு இது. ஏனென்றால் நம் பெண்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கால்சியத்தைக் கூட்ட வேண்டிய மாதங்களில்தான் அதைக் குறைக்கிறார்கள்.

1200 மில்லிகிராமை எங்கே தேடுவது

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். எடை குறைப்பவர் இதற்குக் கீழே இறங்கவே கூடாது.

பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆடை நீக்கிய பாலில் கொழுப்புதான் போகிறது, கால்சியம் அப்படியே இருக்கிறது. பாலும் தயிருமாக 400 மில்லிலிட்டர் என்றால் 480 மில்லிகிராம் ஆயிற்று. மோராகக் குடிப்பவர் தண்ணீரை விட்டுவிட்டு அதிலுள்ள தயிரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. 75 கிராம் மாவில் கூழோ களியோ அடையோ செய்தால் 260 வரும். முருங்கைக்கீரை 50 கிராமில் 150. பத்து கிராம் எள்ளில் 120, ஒரு துவையலுக்கு அது தாராளம். இதுவரை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மிச்சத்தைப் பருப்பும் காய்கறியும் நிரப்பும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த முள்ளில்தான் கால்சியம் இருக்கிறது. அகத்திக்கீரையில் 100 கிராமுக்கு 900 வரை உண்டு. கசப்பு பிடிக்கும் என்றால் அதற்கு நிகரில்லை.

எல்லாக் கீரையும் ஒன்றல்ல. ஹீனியும் அவருடைய சகாக்களும் பாலக் கீரையின் கால்சியத்தைச் சோதித்தபோது, அதில் சுமார் ஐந்து சதவீதமே உடம்பில் சேர்ந்தது. அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பாலக்கில் வேறு நன்மைகள் உண்டு, ஆனால் கால்சியக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம். எள்ளின் தோலிலும் ஆக்சலேட் இருக்கிறது, தோல் நீக்கிய எள்ளில் அது குறைவு. கேழ்வரகிலும் உறிஞ்சலைத் தடுக்கும் பொருள் கொஞ்சம் உண்டு. முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் அது குறையும்.

உணவில் எட்டவில்லை என்றால்தான் மாத்திரை. அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்' என்றிருந்தால் அதிலுள்ள கால்சியம் 500 மட்டுமே. இதைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு வேளைக்கு 500-க்கு மேல் எடுத்தால் உறிஞ்சப்படும் விகிதம் குறைந்துவிடும். தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும். வைட்டமின் டி போதவில்லை என்றால் கால்சியம் சரியாக உள்ளே போகாது, ஆகவே அதையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. அதிகம் சாப்பிட்டால் அதிக நன்மை என்றும் இல்லை. முன்னே சொன்ன பெண்கள் நலத் திட்டத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. உணவும் மாத்திரையும் சேர்ந்து 2000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். கல் வந்த வரலாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பாரம்

கால்சியம் முழுதாகக் கிடைத்தும் எலும்பு ஏன் கொஞ்சம் தேய்கிறது என்பதற்கு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. டென்னிஸ் வில்லாரியலின் குழு 65 வயதைக் கடந்த, பருமனான 107 ஆண்களையும் பெண்களையும் ஓராண்டு தொடர்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டது. எல்லாருக்கும் கால்சியம் நாளுக்குச் சுமார் 1500 மில்லிகிராமும், கூடவே வைட்டமின் டி-யும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். உணவை மட்டும் குறைத்தவர்களும், உணவைக் குறைத்துக்கொண்டே எடை தூக்கும் பயிற்சி, நடை, சமநிலைப் பயிற்சி செய்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு எடையை இழந்தார்கள்: முறையே பத்து, ஒன்பது சதவீதம். மென்சதை முதல் பிரிவில் ஐந்து சதவீதம் குறைந்தது, இரண்டாவதில் மூன்று. இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் பிரிவில் மூன்று சதவீதம் குறைந்தது, பயிற்சி செய்தவர்களிடம் ஒன்று.

கால்சியம் இருவருக்கும் ஒன்றுதான், வேறுபட்டது எலும்பின் மேல் விழுந்த பாரம். தசை எலும்பை இழுக்கும்போது, இங்கே பாரம் இருக்கிறது, இந்த இடத்தைக் கரைக்காதே என்ற செய்தி எலும்புக்குப் போகிறது. உடம்பின் எடை குறைந்ததால் போன பாரத்தைப் பயிற்சி ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. நடை மட்டும் இதற்குப் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, மாடிப்படி ஏறுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கலாம். எலும்பு ஏற்கனவே தேய்ந்தவர்கள் முன்னால் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்த்து, பயிற்சியாளர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

தசைக்குப் புரதமும் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் சப்பாத்தி என்று போகும் நாளில் அது எட்டாது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றோடு பாலும் தயிரும் இங்கே மறுபடி உதவுகின்றன. புரதத்தையும் கால்சியத்தையும் ஒரே டம்ளரில் தருபவை அவை. எடை குறைக்கத் தொடங்கும்போது முதலில் ஒதுக்கப்படுவதும் அவைதான் என்பதால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிந்தவர்கள் எடைக் குறைப்பைத் தொடங்கும் முன் ஒரு டெக்ஸா எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்ததை ஓராண்டாவது கழித்து, அதே மருத்துவமனையில், அதே இயந்திரத்தில் எடுங்கள். ஒன்று, இரண்டு சதவீத மாற்றத்தை வெவ்வேறு இயந்திரங்களின் எண்களை வைத்து ஒப்பிட முடியாது. ஓராண்டுக்கு முன்பே எடுத்தால், தெரிவது எலும்பின் மாற்றமா இயந்திரத்தின் பிழையா என்று டாக்டராலும் சொல்ல முடியாது.